மூன்று பற்களும் ஒரு வெள்ளச் சமவெளியும்

ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு கரைபுரளும். ஆர்.கே.பேட்டை வட்டாரத்துக்கு இது பழகிய மழைக்காலச் செய்தி. அந்த வெள்ளம் போய்ச் சேரும் பூண்டி ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863 செப்டம்பரில் நிலவியலாளர்கள் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் ஆதிமனிதனின் கல் ஆயுதங்களை இங்கே கண்டெடுத்தார்கள்.

அங்கே மனிதர் இருந்ததற்குக் கல் சாட்சி. அவர்களைச் சுற்றி எப்படிப்பட்ட நிலம் இருந்தது என்று கேட்டால் விலங்குகளைத்தான் விசாரிக்க வேண்டும். சென்னை சர்மா மரபுக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 1999இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த விலங்குப் பற்கள் மூன்றே மூன்று: நீரெருமை, குதிரை, நீல்காய் என்னும் மறிமான். கூடவே சில குளம்புத் தடங்கள். எலும்பு கரைந்துபோகும் மண்ணிலும் பல் தாக்குப்பிடிக்கும். உடலிலேயே கெட்டியான பொருள் பற்சிப்பி.

நீரெருமைக்குத் தண்ணீரும் சேறும் வேண்டும். அதை மட்டும் வைத்து இங்கே பெரிய ஏரி இருந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். குதிரை அதைத் தடுக்கிறது. அதற்குப் புல் விளைந்த திறந்தவெளி வேண்டும். இரண்டும் பொருந்துவது ஈரமான, மரம் அடராத சமவெளியில். மண்ணும் அதையே சொல்கிறது. கிரெட்டேசியஸ் காலத்து ஆவடிப் பாறை என்று முன்பு கருதப்பட்ட களிமண் அடுக்கு, ஆற்று வெள்ளம் படியவிட்ட வண்டல் என்று தெரியவந்தது. அதிலிருந்த கருவிகளின் வயது சராசரியாக 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் இக்குழு அறிவித்தது.

ஏரிதான் என்று உறுதியாகச் சொல்ல, தண்ணீரை விட்டுப் போகாத சிற்றுயிர்கள் வேண்டும். உதாரணமாக, மும்பை வொர்லியில் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே தவளைப் புதைபடிவங்கள் கிடைத்தன. 1847இல் தொல்லுயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் அவற்றை விவரித்தார். குதிரை எங்கிருந்தோ தண்ணீர் குடிக்க வந்திருக்கலாம். பெரும்பாலான தவளைகளுக்கு உப்புநீர் ஒத்துக்கொள்ளாது என்பதால், கூட்டமாகக் கிடக்கும் தவளைகள் நன்னீர் நிலைக்கு வலுவான ஆதாரம்.

நம் பக்கத்தில் கிணறு வெட்டும்போதோ ஓடைக்கரை சரியும்போதோ கல்லாகிப்போன பல் ஒன்று தட்டுப்படலாம். உடனே பிடுங்கிக் கழுவ வேண்டாம். எத்தனை அடி ஆழம், களிமண்ணா சரளையா என்று குறித்துக்கொண்டு, படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கலாம். கிடந்த அடுக்கு தெரியாவிட்டால், அந்த விலங்கின் பெயரைச் சொல்லலாம். அது நின்ற நிலத்தைச் சொல்ல முடியாது.