சாலை வட்டத்தில் ‘புக்குல் தீகா’ எந்தப் பக்கம்?

தோட்டத்துச் சாலையில் பயமில்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள்கூட, சுங்கைப்பட்டாணி, அலோர்ஸ்டார் போன்ற பட்டணங்களில் சாலை வட்டத்தைக் கண்டதும் தடுமாறுவது உண்டு. லைசென்சுக்கான கணினித் தேர்வில் 50 கேள்விகளில் 42 சரியாக இருந்தால் தேறிவிடலாம். ஆனால் வட்டத்தின் வாசலில் யோசிக்க நேரம் இருக்காது. அங்கே பயன்படும் மலாய்ச் சொற்களை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சாலை வட்டத்துக்கு மலாயில் ‘புலாத்தான்’ என்று பெயர். அதன் நுழைவில் தலைகீழ் முக்கோணப் பலகையில் ‘பெரி லாலுவான்’ என்று இருக்கும். ‘வழி விடு’ என்பது பொருள். நம் நாட்டில் இடப்பக்கமாக ஓட்டுவதால், வட்டத்துக்குள் இருக்கும் வாகனங்கள் நமக்கு வலப்பக்கத்திலிருந்து வரும். அவற்றுக்கே முதல் உரிமை. வாகனம் வரவில்லை என்றால் நிற்காமலே நுழையலாம். எண்கோணப் பலகையில் உள்ள ‘பெர்ஹென்தி’ வேறு. அங்கே சாலை காலியாக இருந்தாலும் முழுமையாக நின்றுதான் போகவேண்டும்.

வழி கேட்டால், “புலாத்தானில் அம்பில் புக்குல் தீகா” என்பார்கள். ‘புக்குல்’ என்பது கடிகார மணி. வட்டத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நுழையும் இடம் 6 மணி.

புக்குல் 9: இடப்பக்கம். இடது தடத்தில், இடது சிக்னலோடு நுழையுங்கள்.

புக்குல் 12: நேரே. 9 மணி வழியைத் தாண்டியதும் இடது சிக்னல் போடுங்கள்.

புக்குல் 3: வலப்பக்கம். வலது தடத்தில், வலது சிக்னலோடு நுழையுங்கள். 12 மணி வழியைத் தாண்டியதும் இடது சிக்னலுக்கு மாறி வெளியேறுங்கள்.

புக்குல் 6: சுற்றி வந்த வழியே திரும்புதல். இதற்கும் வலது தடம்தான். 3 மணி வழியைத் தாண்டியதும் இடது சிக்னல்.

சாலையில் அம்புக்குறி வரைந்திருந்தால் அதன்படியே தடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கெடா பேச்சுவழக்கையும் கவனியுங்கள். ‘பெர்கி’ இங்கே ‘பி’ ஆகிவிடும். ‘தெருஸ்’ என்பது ‘தெருய்’ போலக் காதில் விழும். “பி தெருய்” என்றால் நேரே போ.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் லாரியின் இடப்பக்கத்தை ஒட்டி வட்டத்தில் போகவேண்டாம். அது வெளியேறத் திரும்பும்போது பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டி வரும். நீங்கள் அங்கே இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாமலும் போகலாம்.

போகவேண்டிய வழியைத் தவறவிட்டால் பிரேக் அடிக்காதீர்கள். தடத்தைச் சட்டென்று மாற்றாதீர்கள். இன்னொரு சுற்று வாருங்கள். ஒரு நிமிடம் போனால் போகட்டும். வீடு போய்ச் சேருவதே முக்கியம்.