டாஷ்போர்டு விரிசல்: பலகத்துக்கு முன் ரசீது

அந்தமானில் பத்துப் பதினைந்து வயதான காரின் டாஷ்போர்டைப் பாருங்கள். முன்கண்ணாடியை ஒட்டிய மேல்பரப்பில் ஒரு விரிசல் ஓடியிருக்கும். அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு மறைத்திருப்பார்கள். பிளாஸ்டிக்கை நெகிழ்வாக வைத்திருக்கும் சேர்மானத்தை வெயில் வருடக்கணக்கில் உறிஞ்சிவிட, காய்ந்த பலகம் சுருங்கி, திருகு பிடித்த இடத்திலோ ஏ.சி. துவாரத்தின் மூலையிலோ பிளந்துகொள்கிறது.

விரிசலின் நீளத்தைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியம். ஏர்பேக் இல்லாத பழைய மாருதி 800 என்றால் அது பெரும்பாலும் அழகுப் பிரச்சினை. விரும்பினால் மாற்றலாம், இல்லாவிட்டால் அப்படியே ஓட்டலாம். ஏர்பேக் உள்ள வண்டியில் அப்படி விட முடியாது. முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக் டாஷ்போர்டுக்குள்தான் மடிந்து கிடக்கிறது. மோதும்போது குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து வழிவிடும்படி அதன் மூடி வார்க்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டின்மேல் எம்-சீல் பூசி, ரெக்சின் ஒட்டி, "புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். மூடி திறக்கத் தாமதமாகலாம், உடைந்த துண்டு முகத்தில் பாயலாம். விரிசலை மறைக்கும் விரிப்பும் அந்த இடத்தில் கூடாது.

பலகத்தைக் கழற்றும் மெக்கானிக் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கானவை. பழகாத கை அங்கே போகக் கூடாது. வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகம்: கோளாறை மறைக்க யாராவது விளக்கையே பிடுங்கியிருக்கலாம். மீட்டர் பலகத்தைக் கழற்றுவதற்கு முன் கிலோமீட்டர் அளவைப் படம் எடுத்து வையுங்கள்.

டாஷ்போர்டைத் திறப்பதற்கு முன் இன்னொன்றும் செய்யலாம். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் கெட்டுப்போய், பை விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும் என்று தெரியவந்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா கார்கள் அதில் உண்டு. அந்தமானின் புழுக்கத்தில் நிற்கும் பழைய காருக்கு இது வெறும் செய்தி அல்ல. சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ டீலரிடமோ கொடுத்துக் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் ஏர்பேக்கை இலவசமாகவே மாற்றித் தர வேண்டும்.

இனி வாங்கும் கதை. போர்ட் பிளேரில், இப்போதைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்தில், பழைய மாடலுக்கான டாஷ்போர்டு ஸ்டாக்கில் இருப்பது அதிர்ஷ்டம். பலரும் சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ சொல்லிவைத்துக் கப்பலில் வரவழைக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். ஏர்பேக் உள்ள பலகமும் இல்லாத பலகமும் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். பணம் போனபின் தப்பான பலகம் வந்து சேர்ந்தால், திருப்பி அனுப்பும் செலவை நினைத்தே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். பார்ட் நம்பர், மாடல் வருடம், புதியதா பழையதா, ஏர்பேக் மூடி உண்டா என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். பழைய காரிலிருந்து கழற்றிய ஏர்பேக்கைச் சேர்த்து வாங்கவே வேண்டாம். அதன் கடந்தகாலம் யாருக்கும் தெரியாது. பார்சலை வாங்குமிடத்திலேயே வீடியோ எடுத்தபடி பிரியுங்கள், உடைந்திருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால், 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீவுவாசிக்கு மிகவும் உதவுவது 34-வது பிரிவு: விற்றவர் சென்னையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. காணொலியில் விசாரிக்கவும் கேட்கலாம். சொந்தப் பிழைப்புக்காக டாக்சி ஓட்டுபவரும் நுகர்வோர்தான். முதல் படியாகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் கார் நிறுவனம் உதிரிபாகம் தராது என்ற பேச்சும் உண்டு. உதிரிபாகங்களைத் திறந்த சந்தையில் கிடைக்கவிடாமல் கட்டுப்படுத்தியதற்காகவே இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. இன்சூரன்ஸை மட்டும் பெரிதாக நம்பாதீர்கள்: வயதாகி வந்த விரிசலுக்குப் பணம் வராது. விபத்தில் உடைந்தாலும், சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துவிடுவார்கள்.

பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம் என்பதால், குறையுள்ள பலகத்தையும் அது வந்த பெட்டியையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.