பளிங்கு ஓட்டுக்குள் சூரியன்! வானவில் கடலில் கப்பல்! தெரியுமா?

ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் போதும், சுற்றியிருக்கும் வெளியே வெடித்துச் சிதறும்! அப்படி ஓர் இடம் இருக்கிறது, தெரியுமா?

அதன் பெயர் ஃப்ளாஜிஸ்டன். தேடிப் போக முடியாது. 1989-இல் அமெரிக்காவின் டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பெல்ஜாமர்' என்ற விளையாட்டில்தான் அது இருக்கிறது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வீரர்களையும் மந்திரவாதிகளையும் பாய்மரக் கப்பலில் ஏற்றி நேராக விண்வெளிக்கே அனுப்பிவிட்டார் ஜெஃப் க்ரப் என்ற வடிவமைப்பாளர்!

அந்த விண்வெளி எப்படி இருக்கும்? ஒவ்வொரு சூரியக் குடும்பத்தையும் ஒரு மாபெரும் பளிங்கு ஓடு மூடியிருக்கும். சூரியன், கோள்கள், நிலாக்கள் எல்லாமே ஓட்டுக்குள்! ஓட்டைத் தாண்டினால் பல வண்ணங்களில் சுழன்றோடும் ஃப்ளாஜிஸ்டன் கடல். அங்கே நெருப்பு மூட்டினால் கப்பலோடு காலி! சமைக்கக்கூட அடுப்புப் பற்றவைக்க முடியாது! கடவுளைக் கும்பிட்டு மந்திர சக்தி வாங்கும் பூசாரிகளுக்கும் அங்கே பெரிய மந்திரங்கள் புதிதாகக் கிடைக்காது. ஓட்டுக்கு வெளியே தெய்வங்களுக்கே எட்டாது! இன்னொரு அதிசயம், அந்தக் கடலில் காற்று தீர்ந்துபோனால் ஆள் சாகமாட்டார். கல்லாய் உறைந்து, யாராவது வந்து காப்பாற்றும்வரை அப்படியே மிதப்பார்!

இதெல்லாம் க்ரப்பின் தலையில் திடீரென்று உதித்ததா? இல்லை! இங்கேதான் உண்மையான ஆச்சரியம். பொருள் எரியும்போது அதிலிருந்து ஃப்ளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்று 18-ஆம் நூற்றாண்டின் பெரிய பெரிய விஞ்ஞானிகள் நிஜமாகவே நம்பினார்கள்! ஜெர்மனியின் ஜார்ஜ் ஸ்டால் பரப்பிய கொள்கை அது. எரிவதற்குக் காரணம் ஆக்சிஜன் என்று காட்டி அதைக் கவிழ்த்தவர் பிரான்சின் லவாசியே.

பளிங்கு ஓடு? அதற்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல்! கோள்களைத் தாங்கும் கோளங்கள் பூமியைச் சுற்றி அடுக்கடுக்காக இருப்பதாகச் சொன்னவர் அரிஸ்டாட்டில். 1577-இல் வந்த வால்நட்சத்திரத்தை டைகோ பிராஹி அளந்து பார்த்தார். அது நிலாவுக்கும் அப்பால், கோளங்கள் இருப்பதாகச் சொன்ன இடத்தில் ஒரு தடங்கலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது! கெட்டியான கோளம் எதுவும் இல்லை என்பது அதோடு தெளிவானது.

அறிவியல் தூக்கிப்போட்ட இரண்டு பழைய கொள்கைகளைப் பொறுக்கியெடுத்து, 'இவை உண்மையாக இருந்தால்?' என்று கேட்டார் க்ரப். ஒரு முழுப் பிரபஞ்சமே கிடைத்துவிட்டது! விநோத உலகம் படைப்பதில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலையை நான் பார்த்ததில்லை.

பூமியைச் சூரியன் சுற்றும் இடம் வேண்டுமா? அதுவும் ஸ்பெல்ஜாமரில் உண்டு! 'கிரேஸ்பேஸ்' என்ற ஓட்டுக்குள் நடுவில் இருப்பது ஓயர்த் என்ற பூமி. சூரியன்தான் அதைச் சுற்றுகிறது! பக்கத்து ஓட்டில் கதையே வேறு. ஓட்டுக்கு ஓர் இயற்பியல்!

சரி, அந்தக் கப்பலின் அடிப்பாகத்தில் நீங்கள் நடந்து போகலாம் தெரியுமா? ஈர்ப்பு விசை கப்பலின் நடுவே ஒரு தளமாக ஓடுகிறது. மேல்தட்டில் நிற்பவருக்கும் 'கீழே' கப்பல்தான், அடியில் தலைகீழாக நிற்பவருக்கும் 'கீழே' கப்பல்தான்! விளிம்பிலிருந்து தவறி விழுந்தால்? கீழே விழுந்து, தளத்தைக் கடந்து, மறுபடி மேலே வந்து, மறுபடி கீழே போய்... கிணற்றில் விட்ட வாளியாக மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பீர்கள்!

மூச்சு விட என்ன வழி? கப்பல் கிளம்பும்போதே தன்னைச் சுற்றிக் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு வரும். ஆனால் அது அளவோடுதான்! நாள் போகப் போக நல்ல காற்று கெட்ட காற்றாகும், கெட்ட காற்று விஷமாகும். ஆள் கூடினால் காற்று சீக்கிரம் கெடும்! நடுவழியில் தத்தளிக்கும் பத்துப் பேரைக் கப்பலில் ஏற்றுவதா, வேண்டாமா? ஒரே ஒரு விதி, அதிலிருந்து எத்தனை கதை பாருங்கள்! 'அங்கே ஊதா நிற மலை இருக்கிறது' என்று எழுத யாராலும் முடியும். அந்த மலை ஆடுகிறவரிடமிருந்து எதையாவது பிடுங்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அந்த இடத்துக்கு உயிர் வருகிறது!

கப்பலை ஓட்டுவதற்கும் விலை உண்டு! மந்திரவாதி ஒருவர் ஒரு சிறப்பு நாற்காலியில் உட்கார வேண்டும். அவருடைய மந்திரங்களையெல்லாம் உறிஞ்சிக்கொண்டுதான் கப்பல் நகரும். எதிரி வந்தால் அவரால் ஒரு மந்திரமும் போட முடியாது!

நீர்யானைகள் பட்டாளத்து உடுப்பு மாட்டிக்கொண்டு துப்பாக்கி தூக்கினால்? அவைதான் கிஃப்! வெடிமருந்து என்றால் உயிரையே விடும் இனம். சுமார் ஒரு மைல் நீளமுள்ள ஒரு பாறையின் மேல் ஒரு நகரமே மிதக்கிறது. அதுதான் பிரால் பாறை! இவை எல்லாவற்றையும் மிஞ்சிய ஒன்று ராட்சத விண்வெளி வெள்ளெலி! 1998-இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டில் மின்ஸ்க் என்ற வீரன் ஒரு குட்டி வெள்ளெலியைக் கூடவே வைத்திருப்பான். அது ராட்சத விண்வெளி வெள்ளெலியின் சின்ன ரகம் என்று சத்தியம் செய்வான்! அந்த எலியின் பெயர் பூ. இன்றைக்கும் அதற்கு ரசிகர் கூட்டம் உண்டு!

இப்போது உலோகங்கள்! இரும்பை ஊடுருவிப் போகும் உலோகம் தெரியுமா? 'இனுப்ரிக்ஸ்'! பைசோ நிறுவனத்தின் 'பாத்ஃபைண்டர்' விளையாட்டில், விண்கப்பல் உடைந்து விழுந்த நுமேரியா என்ற நாட்டில் கிடைப்பது. இனுப்ரிக்ஸில் செய்த ஆயுதம் எதிரியின் எஃகுக் கவசத்தைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய்விடும்! அப்படியானால் எதிரி வாளை வீசும்போது அதைக் கொண்டு தடுக்க முடியுமா? முடியாது! அந்த வாளும் இதை ஊடுருவிப் போய்விடுமே! அதே நாட்டில் அபிசியம் என்ற இன்னோர் உலோகம் நீலப்பச்சையாக ஒளிரும், பக்கத்திலேயே இருந்தால் நோயில் தள்ளும். சிக்கடைட் என்றொன்று எப்போதும் கொதிக்கும், இல்லையென்றால் எப்போதும் உறையும்!

வானத்து இரும்பு வெறும் கதை என்கிறீர்களா? எகிப்து மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த கத்தியின் இரும்பு விண்கல்லிலிருந்து வந்தது என்று 2016-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது! சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசர் விண்கல் கத்தியோடு புதைக்கப்பட்டிருக்கிறார்! தட்டையான உலகத்தை ராட்சத ஆமையின் முதுகில் ஏற்றிய எழுத்தாளர் டெர்ரி பிராச்செட், சர் பட்டம் கிடைத்ததும் தனக்கென்று ஒரு வாளே செய்துகொண்டார். இரும்புத் தாதைத் தோண்டி, உருக்கி, அதில் விண்கல் துண்டுகளையும் சேர்த்தார்!

ஒவ்வொரு பயணத்திலும் ஏதோ ஓர் உலகம் கிழிந்தால்? 2017-இல் வெளியான 'ஸ்டார்ஃபைண்டர்' விளையாட்டில் ஒளியை முந்திப் போக 'டிரிஃப்ட்' என்ற பரிமாணத்துக்குள் நுழைய வேண்டும். ஒருமுறை நுழைந்தால் சொர்க்கம், நரகம் என்று ஏதாவது ஓர் உலகத்திலிருந்து ஒரு துண்டு பிய்ந்து டிரிஃப்டில் வந்து விழும்! பயணம் கூடக் கூட அந்த வெளியும் வளர்ந்துகொண்டே போகும்!

அதே விளையாட்டில் வெர்சஸ் என்ற கோள். ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு. இரண்டுக்கும் நடுவில் முடியாத அந்தி! மக்கள் நெருக்கியடித்து வாழ்வது அந்த வளையத்தில்தான். அளந்துவிட்ட கதையா? டிராப்பிஸ்ட்-1 என்ற நட்சத்திரக் குடும்பம் நம்மிடமிருந்து சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் 7 கோள்களும் இப்படி ஒரே முகத்தைத் தங்கள் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்றே வானியலாளர்கள் கருதுகிறார்கள்!

அடுத்தது, 30 லட்சம் பூமிகளின் பரப்பு! லாரி நிவென் 1970-இல் எழுதிய 'ரிங்வேர்ல்ட்' நாவலில் வேறொரு சூரியனைச் சுற்றிக் கட்டிய ஒரு மாபெரும் வளையம். அகலம் மட்டும் சுமார் 16 லட்சம் கிலோமீட்டர்! காற்று வழிந்தோடாமல் இருக்க இரு விளிம்பிலும் சுமார் 1,600 கிலோமீட்டர் உயரச் சுவர்! இவ்வளவு பெரிய வளையம் சுழலும்போது பிய்ந்துபோகாதா? சாதாரண உலோகம் எதுவும் தாங்காது. அதனால் 'ஸ்க்ரித்' என்ற புதுப் பொருளையே உண்டாக்கினார் நிவென்! 1984-இல் கேயோசியம் நிறுவனம் இதை மேசை விளையாட்டாகவும் வெளியிட்டது.

அதற்கு முன் நடந்ததுதான் வேடிக்கை! 1971-இல் பாஸ்டனில் உலக அறிவியல் புனைகதை மாநாடு. எம்.ஐ.டி. மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த வளையம் நிலையாக நிற்காது, சூரியன் மேல் சாய்ந்துவிடும் என்று கோஷமே போட்டார்கள்! நிவென் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த நாவல் எழுதி, வளையத்தைச் சரியான இடத்தில் நிறுத்த விளிம்பில் ராட்சத ஜெட்களைப் பொருத்திவிட்டார்! வாசகர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்றால், அந்த இடத்தை அவர் அவ்வளவு நம்பிவிட்டார் என்றுதானே அர்த்தம்?

எள் அளவு உயிரினம் நட்சத்திரத்தின் மேல் குடியிருக்குமா? ராபர்ட் ஃபார்வர்டு என்ற இயற்பியலாளர் 1980-இல் எழுதிய 'டிராகன்ஸ் எக்' நாவலில் இருக்கிறது! நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல் வாழும் சீலா இனம், நம்மைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகமாக வாழ்கிறது. நாம் பேசி முடிப்பதற்குள் அங்கே தலைமுறை மாறிவிடும்! நிஜ நியூட்ரான் நட்சத்திரமும் சளைத்ததல்ல. குறுக்களவு வெறும் 20 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் ஒரு டீஸ்பூன் அள்ளினால் எடை நூறு கோடி டன்னுக்கு மேல்!

உலகம் படைப்பவர்களே, நிஜ வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தீர்களா? எச்.டி. 189733பி என்ற கோள் சுமார் 64 ஒளியாண்டு தூரத்தில் அழகான நீல நிறத்தில் இருக்கிறது. கடல் என்று நினைத்துவிடாதீர்கள்! மணிக்கு சுமார் 8,700 கிலோமீட்டர் வேகக் காற்றில் அங்கே கண்ணாடித் துகள் மழை பக்கவாட்டில் அடிக்கும் என்கிறார்கள்! டபிள்யூ.ஏ.எஸ்.பி. 76பி என்ற இன்னொரு கோளில் இரும்பு ஆவியாகி, இரவுப் பக்கம் போய் மழையாகப் பொழியக்கூடும் என்றது 2020-இல் வெளியான ஓர் ஆய்வு! யுரேனஸின் நிலாவான மிராண்டாவில் சுமார் 20 கிலோமீட்டர் உயரச் செங்குத்துப் பாறை ஒன்று இருக்கிறது. அதை 1986-இல் படம் பிடித்தது வாயேஜர் 2. ஈர்ப்பு மிகவும் குறைவு என்பதால், உச்சியிலிருந்து விழுந்தால் தரையைத் தொடப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும்!

நட்சத்திரமே படிகமாக உறையும் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெண்குள்ள நட்சத்திரங்களைப் பற்றிக் கணக்குப் போட்டார். அவற்றின் நிறைக்கு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கில், ஓர் எல்லை இருக்கிறது என்பது அந்தக் கணக்கில்தான் முளைத்தது! அதே வகையைச் சேர்ந்த பி.பி.எம். 37093 என்ற நட்சத்திரத்தின் உள்ளே பெரும்பகுதி கார்பன் படிகமாகிவிட்டது என்று 2004-இல் வானியலாளர்கள் அறிவித்தார்கள். ஆகாயத்தில் ஒரு வைரம்! அது இருப்பது சுமார் 50 ஒளியாண்டு தூரத்தில்!

விநோதப் பொருள்களுக்குப் பூமியிலும் பஞ்சமில்லை! கேலியம் என்ற உலோகம் 30 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். சென்னைக் கோடையில் மேசையில் வைத்தாலே குளமாகிவிடும்! ஏரோஜெல் இருக்கிறதே, அதில் 99 சதவீதத்துக்கு மேல் வெறும் காற்றுதான். ஆனாலும் நாசாவின் 'ஸ்டார்டஸ்ட்' விண்கலம் தோட்டாவைவிட வேகமாகப் பாய்ந்து வந்த வால்நட்சத்திரத் தூசியை 2004-இல் அதில்தான் பிடித்தது, 2006-இல் பூமிக்கும் கொண்டுவந்து சேர்த்தது!

நீங்களும் ஓர் உலகம் படைக்கலாம், தெரியுமா? இரண்டு பகடை போதும்! 1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய 'டிராவலர்' விளையாட்டில் விண்வெளித் துறைமுகம், கோளின் அளவு, காற்று, நீர், மக்கள்தொகை, ஆட்சி, சட்டம், தொழில்நுட்பம் எல்லாமே பகடை உருட்டித்தான்! அதன் பேரரசில் 11,000 உலகங்கள்! நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவ ஒரு வாரம் ஆகும், செய்தியும் கப்பலில்தான் போக வேண்டும். தலைநகரில் அரசர் செத்தால் எல்லையில் இருப்பவர்களுக்குத் தெரிய மாதக்கணக்கு ஆகும்!

இரண்டு பகடையை உருட்டி, வந்ததில் 2-ஐக் கழியுங்கள். அதுதான் உங்கள் கோளின் அளவு! ஓர் எண்ணுக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர் குறுக்களவு. 2 விழுந்தால் அளவு பூஜ்யம், உங்கள் உலகம் குறுங்கோள் கூட்டம்! 12 விழுந்தால் சுமார் 16,000 கிலோமீட்டர், நம் பூமியைவிடப் பெரிது! 10 விழுந்தால் அளவு 8. அது நம் பூமியேதான்! அதற்கு வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. உருட்டுங்கள்!