படகில் நாலுகால் பந்தல்! மண்டை பத்திரம்!!

சென்னை துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது 1911-ல். அன்று முதல் இன்று வரை சின்னப் பாய்மரப் படகுக்காரர்களுக்கு ஒரே வில்லன், வெயில்தான்!

கடல் காற்று ஜிலுஜிலு என்றுதான் இருக்கும். ஏமாந்து விடக்கூடாது. மேலே சூரியன், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுக்கும்.

பந்தல் போட்டால் என்ன? போடலாம். ஆனால் குறுக்கே ஓர் ‘ஆசாமி’ நிற்கிறாரே! பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் நீளக் கழி. ‘பூம்’ என்று பெயர். காற்று பக்கம் மாறினால் ‘விர்’ரென்று சுழலும். மண்டையில் பட்டால் தீர்ந்தது கதை!

கழிக்கு மேலே துணி போட்டால் பாயை ஏற்ற முடியாது. நங்கூரம் போட்டு நிற்கும்போதுதான் அது உதவும். ஓடும்போதும் நிழல் வேணுமா? கழிக்குக் கீழேதான் கட்டணும்.

எப்படிக் கட்டுவது?

ஆள் உட்காரும் குழியைச் சுற்றி நாலு கால். குறுக்கே இரண்டு குழாய். நடுவே வெளிர் நிறத் துணி. கழியில் மட்டும் துணியைக் கட்டவே கூடாது. கழி திரும்பினால் கிழிந்துவிடும்!

அளவெடுப்பதிலும் சூட்சுமம் உண்டு. பாய்க் கயிற்றை இறுக்கினால் கழி இன்னும் தாழும். அப்போதும் துணியில் உரசாதபடி இடைவெளி வேணும். அந்தக் கயிறு ஓடும் பாதையிலும் துணி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பாயைப் பார்க்கத் துணியில் ஒரு கண்ணாடித்தாள் ஜன்னல் வைப்பது நல்லது.

முடிச்சு? ஒரே இழுப்பில் அவிழணும். பலத்த காற்று கிளம்பினால் பந்தலே இன்னொரு பாயாகி, படகைச் சாய்க்கப் பார்க்கும். அப்போது வெயிலைப் பார்க்கக் கூடாது. பந்தலைப் பிரித்துவிட வேண்டியதுதான்!