கழற்றிய இசியுவைப் பணிமேசையில் படித்தல்

எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருளை எந்தக் கணத்தில் பீய்ச்சுவது, டர்போவின் அழுத்தத்தை எங்கே நிறுத்துவது என்பவற்றை இடையறாது கணக்கிட்டு முடிவுசெய்யும் மின்னணுப் பெட்டி இசியு எனப்படுகிறது. அதைக் காரிலிருந்து கழற்றி மேசைமீது வைத்து, இணைப்பானின் பின்களில் நேரடியாக வயர் கொடுத்து, உள்ளிருக்கும் நினைவகத்தைப் படிப்பதே பெஞ்ச் முறையாகும். காரின் பழுதறியும் ஓபிடி இணைப்பான் வழியாக முழு நினைவகத்தையும் வெளிவிடாத இசியுக்கள் பல இருப்பதால் இம்முறை தேவைப்படுகிறது.

ஃபோக்ஸ்வாகன் கார்களில் வந்த போஷ் நிறுவனத்தின் இடிசி17 இசியு வகைகள் பலவற்றில் 94, 60 என இரு இணைப்பான்களாக 154 பின்கள் உள்ளன. ஆயினும் படிப்பதற்கு வேண்டியவை மிகச் சிலவே. பின்களின் வரிசை எண்ணல்லாத, ஜெர்மானியத் தரப்படியான முனையக் குறியீடுகளில் 31 என்பது எர்த், 30 என்பது பேட்டரியின் நிலையான மின்சாரம், 15 என்பது சாவியைத் திருப்பியதும் வரும் மின்சாரம். காரில் இசியுவே பிரதான ரிலேயை இயக்கித் தனக்குரிய மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளும். மேசையில் ரிலே இல்லாததால், அதன் வழியே மின்சாரம் பெறும் பின்களுக்கும் 12 வோல்ட்டை நேரே தர வேண்டும். இதை மறந்தால், மற்ற வயர்கள் சரியாக இருந்தும் பெட்டி பேசாது.

பேச்சு நடப்பது கேன் எனும் இரட்டை வயர்த் தடத்தில். போஷ் 1986இல் அறிமுகப்படுத்திய இம்முறையில், இரு வயர்களுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடே செய்தியாகக் கொள்ளப்படுகிறது. தடத்தின் முனைகளில் அலை எதிரொலித்துச் செய்தியைக் குலைக்காதபடி, இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வைக்கப்படும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு வயர்களுக்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும்.

மின்வழங்கியில் மின்னோட்ட வரம்பை முன்கூட்டியே அமைப்பது மிக முக்கியம். தவறான பின்னில் கொடுத்த வயர் பெட்டியையே எரித்துவிடக்கூடும். படித்த பின் செய்யப்படும் டியூனிங் என்பது, படித்தெடுத்த கோப்பிலுள்ள எண் அட்டவணைகளை மாற்றி, கோப்பு சிதையவில்லை என உறுதிசெய்யும் செக்சம் எண்ணையும் திருத்தி, மீண்டும் எழுதுவதாகும். எழுதும்போது மின்சாரம் தடைபட்டால் நினைவகம் பாதியில் நிற்கும் என்பதால், மாற்றப்படாத மூலக் கோப்பைச் சேமித்து வைக்காமல் எவரும் எழுதத் தொடங்கலாகாது.

இசியுவைப் படிப்பதன் பயன் டியூனிங்கோடு முடிவதில்லை. புகைச் சோதனையில் ஃபோக்ஸ்வாகன் செய்த மோசடி வெளிப்பட்ட 2015இல், ஜெர்மன் ஆய்வாளர் பெலிக்ஸ் டோம்கே இசியுவின் மென்பொருளை ஆராய்ந்து, சோதனை ஓட்டத்தை ஒத்த நிலைமைகளில் மட்டும் புகையைச் சரிவரத் தூய்மையாக்கும் தர்க்கம் அதில் எழுதப்பட்டிருந்ததை அவ்வாண்டு டிசம்பரில் ஹாம்பர்க் நகரில் விளக்கிக் காட்டினார்.