குருத்து காய்ந்தால் பயிர் போய்விடாது

மூலக்கொத்தளத்தில் முருங்கை வைத்திருக்கும் வீட்டாருக்கு இது தெரிந்ததுதான். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மரத்தை மொட்டையாக்கும். சில வாரத்தில் மரம் மறுபடி துளிர்க்கும். பேசின் பாலத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலேறி மீஞ்சூர், பொன்னேரி பக்கம் இறங்கினால், அங்கே நெல்லுக்கும் இந்தத் திறமை உண்டு. ஆனால் நெல்லை நம்பிப் பொறுத்திருக்க மனம் வருவதில்லை. நடுக்குருத்து காய்ந்து, இழுத்ததும் கையோடு வந்தால், விவசாயி அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போகிறார். கடன் வாங்கி நட்டவருக்கு அந்தப் பதற்றம் வராமல் இருக்குமா?

காய்ந்த குருத்துக்குக் காரணம் தண்டைக் குடையும் குருத்துப்பூச்சியின் புழு. புழு குடைந்த அந்தத் தூர், அதாவது கிளைத்தண்டு, இனிப் பிழைக்காது. ஆனால் அடிக்கணுக்களில் உறங்கும் மொட்டுகள் விழித்துப் புதுத்தூர் கிளம்புகிறது. செத்த தூர் எடுத்திருக்க வேண்டிய சத்தும் நீரும் பக்கத்துத் தூர்களுக்குக் கிடைக்கின்றன. வாடும் தூரில் இருந்த உணவிலும் ஒரு பங்கு அவற்றுக்கே போய்ச் சேருகிறது. இடைவெளியில் வெயில் இறங்குவதால் கீழ் இலைகளும் கூடுதலாக உழைக்கின்றன. பயிர் கட்டும் எல்லாத் தூரும் கதிர் விடுவதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். பூச்சி தின்றதில் எப்படியும் வீணாகியிருக்கும் தூர்களும் சேர்த்தி.

கதிர் வந்தபின் கதை மாறுகிறது. அப்போது தண்டைக் குடைந்தால் வெண்கதிர்தான், பதர்தான். புதுத்தூர் விட்டுக் கதிராக்க நாள் இல்லை. இதனால்தான் குருத்து காய்வது 10 சதவீதத்தை எட்டினால் மருந்து என்று சொல்லும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், வெண்கதிருக்கு 2 சதவீதத்தையே எல்லையாக வைத்திருக்கிறது. இலைச்சுருட்டுப்புழுவுக்கும் தூர்ப்பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம் வரை பொறுக்கலாம். பூக்கும்போது கண்ணாடி இலை எனப்படும் கடைசி இலையில் 5 சதவீதமே எல்லை. மணிக்குப் பால் ஊட்டுவதில் அந்த இலைக்குப் பெரிய பங்கு.

வியட்நாமின் மேகோங் கழிமுகத்தில் இதே பொறுமையைக் கேட்டு 1994-இல் தொடங்கிய பிரச்சாரம், விதைத்த முதல் 40 நாள் பூச்சிமருந்தே வேண்டாம் என்றது. தெளிப்பு ஏறக்குறையப் பாதியானது, விளைச்சல் குறையவில்லை. அவசரமாக அடிக்கும் மருந்து வயலின் பூச்சி தின்னும் சிலந்திகளைக் கொன்று, சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு வழிவிடுகிறது. அதன்பின் வரும் செலவு முதல் செலவைவிடப் பெரியது.

பொறுமைக்கும் நிபந்தனை உண்டு. நீரும் சத்தும் குறைந்த பயிர் தூரை ஈடுகட்டாது. யூரியாவை அள்ளிப் போட்டாலோ இலைச்சுருட்டுப்புழு பெருகும். சொர்ணவாரிப் பட்டத்தில் போடும் குறுகிய கால ரகங்களைவிட, நான்கு மாதத்துக்கு மேல் நிற்கும் சம்பாவுக்கு மீண்டெழ அவகாசம் அதிகம்.