இராஜபாளைய நாய்களில் பார்வோ வைரசு வகைப்பாடு: 426ஆம் இடம் மட்டும் போதுமா?

இராஜபாளைய நாயினத்தின் தாயகமான தேவதானம், இராஜபாளையம் வட்டாரத்தில் தடுப்பூசி பெற்ற குட்டி ஒன்று சில நாட்களிலேயே குருதிக் கழிச்சலுக்கு ஆளாவதாகக் கொள்வோம். மலத்தில் பிசிஆர் சோதனை பார்வோ வைரசைக் காட்டினாலும் அது நோயை உறுதிப்படுத்தாது. வலுக்குறைக்கப்பட்ட தடுப்பூசி வைரசும் மலத்தில் வெளியேறும் என்பதே காரணம். இங்குதான் மரபணு வகைப்பாடு தேவைப்படுகிறது.

1978இல் அறியப்பட்ட மூல வகை 2இன் இடத்தைச் சில ஆண்டுகளில் 2ஏ, 2பி வகைகள் பிடித்தன. 2சி 2000இல் இத்தாலியில் கண்டறியப்பட்டது. விபி2 புரதத்தின் 426ஆம் இடத்தில் 2ஏ அஸ்பராஜினையும் 2பி அஸ்பார்ட்டிக் அமிலத்தையும் 2சி குளூட்டாமிக் அமிலத்தையும் கொண்டுள்ளன. ஆய்வுகள் பெரும்பாலும் இவ்விடத்தையே நம்புகின்றன. ஆனால் பல தடுப்பூசிகளில் இடம்பெறும் மூல வகையிலும் அங்கு அஸ்பராஜினே உள்ளது. எனவே 426ஐ மட்டும் நோக்குபவர் தடுப்பூசி வைரசைக் கள வகை 2ஏ எனப் பிறழக் கொள்ள நேரும். 300ஆம் இடத்தில் அலனின் கிளைசினாகவும், 305இல் அஸ்பார்ட்டிக் அமிலம் டைரோசினாகவும் மாறியுள்ளனவா என்று வரிசையாக்கத்தால் காண்பதே ஐயத்தைத் தீர்க்கும். செலவு கூடும் என்பது உண்மையே. ஆயினும் தடுப்பூசியின் மீது வீண்பழி சுமத்துவதைக் காட்டிலும் அது சிறிது.

தேவதானத்தின் மேற்கே மலையடிவாரக் காடுகள் தொடங்குகின்றன. இவ்வட்டாரக் காடுகளை உள்ளடக்கிய திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. மூல வகை பூனைகளைத் தொற்றவில்லை. பிந்தைய மூன்று வகைகளும் தொற்றவல்லவை. காட்டோர நாய்களிடம் சுற்றிவரும் வகை எது என்னும் வினா, ஆகவே, நாய் வளர்ப்போரோடு நின்றுவிடுவதில்லை.